எரிக் லிடெல்: ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னும் பின்னும்

கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு எரிக் லிடெல் கதை ஞாயிறு பள்ளியிலேயே பழகியிருக்கும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓய்வுநாளில் ஓட மாட்டேன் என்றார். அதை விட்டுவிட்டு நானூறு மீட்டர் ஓடினார். தங்கப் பதக்கம் வாங்கினார். ஆசிரியை கதையை அங்கேயே நிறுத்தி, "ஆகையால் பிள்ளைகளே..." என்று தொடங்கிவிடுவார். நானும் அப்படிக் கேட்டவன்தான். அவர் ரக்பி ஆடியவர் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் கல்லூரி அணியோடு நின்றுவிடவில்லை. ஸ்காட்லாந்து தேசிய அணிக்காக ஏழு முறை களமிறங்கியிருக்கிறார்.

ஓட்டக்காரர் லிடெலின் கதையில் எடுப்பான ஒரு 'மாட்டேன்' இருக்கிறது. ரக்பி லிடெலிடம் அப்படி ஏதும் கிடைக்காது. இரண்டு பருவம் ஆடினார், நன்றாக ஆடினார், நிறுத்திக்கொண்டார். பிரசங்கத்துக்கு உதவாத கதை என்று அதை ஓரத்தில் வைத்துவிட்டார்கள். ஆனால் மேடையைக் கண்டால் கூசும் ஓர் அறிவியல் மாணவர் எப்படி மேடையேறினார், பிறகு எப்படிப் போதகரானார் என்று தடம் பிடித்துப் போனால், அது ரக்பி மைதானத்தில்தான் போய் நிற்கிறது. சம்பளமில்லாத ஓர் ஆட்டம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அந்தப் பெயரைத்தான் சபை முதலில் வந்து கேட்டது.

1902 ஜனவரி 16 அன்று வட சீனாவின் தியான்ஜின் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் டன்லப் லிடெல், லண்டன் மிஷனரி சொசைட்டியின் போதகர். நாகர்கோவில், நெய்யூர் பக்கத்தாருக்கு இந்தச் சங்கத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, எல்.எம்.எஸ். என்றாலே அங்கே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நினைவுக்கு வரும். அதே சங்கம் சீனாவுக்கும் ஆள் அனுப்பியது. அந்நியர்களுக்கு எதிராகச் சீனாவில் எழுந்த பாக்சர் கிளர்ச்சியில் மிஷனரிகளும் சீனக் கிறிஸ்தவர்களும் கொல்லப்பட்டு இரண்டு வருடங்கள்கூட முழுதாக ஆகாத நேரம் அது.

ஆறு வயதில், அண்ணன் ராபர்ட்டோடு சேர்த்து அவரை இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் விட்டார்கள். மிஷனரிகளின் மகன்களுக்கென்றே நடந்த பள்ளி. லண்டனில் பிளாக்ஹீத்தில் இருந்தது. 1912இல் இடம் மாறி, பின்னர் எல்தம் கல்லூரி என்று பெயர் பெற்றது. பெற்றோர் கடல் கடந்து சீனாவில். சில வருடங்களுக்கு ஒருமுறை அவர்கள் விடுமுறையில் வந்தால்தான் முகம் பார்க்க முடியும். அப்படி வளரும் பையன்களுக்கு விளையாட்டு அணி என்பது ஒரு வகையில் குடும்பம். லிடெல் கிரிக்கெட் அணிக்கும் ரக்பி அணிக்கும் தலைவரானார். கடைசிக் காலத்தில், பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் நிறைந்த ஒரு முகாமில் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு இங்கே ஒரு வேர் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

விடுதிப் பள்ளி, ரக்பி, சபை மூன்றும் அந்தக் கால இங்கிலாந்தில் ஒரே கொடியில் காய்த்தவை. ரக்பி என்ற ஊரிலுள்ள பள்ளிக்கு 1828 முதல் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் அர்னால்டு ஒரு குருவானவர். அவர் பந்தாட்டத்தைப் பெரிதாக நினைத்தவர் அல்லர். ஆனால் அவருக்குப் பின் வந்த தலைமுறை, உடல் பலமும் பக்தியும் சேர்ந்ததே ஆண்மை என்று ஒரு கொள்கையைக் கட்டி அவர் பெயரை அதன்மேல் ஏற்றி வைத்தது. 'புஜபலக் கிறிஸ்தவம்' என்ற பொருளில் மற்றவர்கள் கேலியாகச் சொல்லத் தொடங்கியதை, காலப்போக்கில் அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். 1823இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் ஆட்டத்தின் நடுவே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான், ரக்பி பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அவர் இறந்த பிறகு கிளம்பிய கதை, சான்று மெலிந்தது. இருந்தும் உலகக் கோப்பைக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். கதை எப்படியோ போகட்டும், எல்லிஸ் வளர்ந்து குருவானவரானதும் லண்டன் செயின்ட் கிளெமென்ட் டேன்ஸ் ஆலயத்தில் பணியாற்றியதும் மெய். ரக்பியின் கற்பிதப் பிதாவே ஒரு பாதிரியார்.

ஆகவே ரக்பி ஆடிய ஒருவர் போதகராவது அப்போது யாரையும் புருவம் உயர்த்தவைக்கிற செய்தி அன்று. 1899இல் ஆஸ்திரேலியா சென்ற பிரிட்டிஷ் அணியின் தலைவர் மேத்யூ முல்லினோ ஒரு குருவானவர். முதல் டெஸ்டில் தோற்றதும், தம் ஆட்டம் போதவில்லை என்று தம்மையே அணியிலிருந்து நீக்கிக்கொண்டவர். அதற்குப் பிறகு அப்படிச் செய்த தலைவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1886இல் இங்கிலாந்துக்காக மூன்று ஆட்டம் ஆடிய ரூபர்ட் இங்கிலிஸ், கென்ட் மாவட்டத்தில் ஃப்ரிட்டெண்டன் என்ற சிற்றூரின் ஆயரானார். ஐம்பதை தாண்டிய வயதில் படைக் குருவாக முதல் உலகப் போருக்குப் போய், 1916 செப்டம்பரில் சோம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கிவரும் பணியில் கொல்லப்பட்டார். வேல்ஸ் அணிக்கு ஆடிய வில்லியம் ஹாவர்ட் பேராயராகவே உயர்ந்தார்.

லிடெல் இந்த வரிசையில் வருபவர்தான். ஆனால் இவர்கள் எல்லாரும் ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டுக்குள் ஆடினார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அமெச்சூர் என்ற சொல்லை நாம் நாடகத்தை வைத்துத்தான் பழகியிருக்கிறோம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூலி வாங்காமல் வேஷம் கட்டினார்களே, அந்த மாதிரி. கூலிக்கு ஆடும் கம்பெனி நடிகரிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்டுவதும் அதில் அடக்கம். பிரிட்டிஷ் ரக்பியிலும் இதே கதைதான், இன்னும் கறாராக. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வேலையை விட்டுவிட்டு வரும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த கூலியையாவது ஈடுகட்ட வேண்டும் என்று வட இங்கிலாந்து கிளப்புகள் கேட்டன. தலைமைச் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஒரு ஹோட்டலில் கூடி அந்தக் கிளப்புகள் பிரிந்து போயின. இன்று ரக்பி லீக் எனப்படும் தனி ஆட்டம் அப்படிப் பிறந்தது. மிச்சமிருந்த ரக்பி யூனியன் சரியாக நூறு வருடங்கள் பிடிவாதம் பிடித்துவிட்டு, 1995 ஆகஸ்டில்தான் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரலாம் என்று ஒப்புக்கொண்டது.

ஸ்காட்லாந்து சங்கம் எல்லாரையும்விடக் கண்டிப்பு. அதைப் பற்றிய கதைகள் இன்றும் சிரிக்கவைக்கும். போருக்கு முன் ஆடி, போரில் ஒரு கண்ணை இழந்து, 1920இல் மறுபடி அணிக்குத் திரும்பிய ஜாக் வீம்ஸ் உடைமாற்றும் அறையில் சட்டைக்காகக் காத்திருந்தாராம். "உனக்குத்தான் 1914இலேயே ஒன்று கொடுத்தாகிவிட்டதே" என்று பதில் வந்ததாம். சட்டைக்கு எண் போடவும் அந்தச் சங்கம் மறுத்தது. ஏன் எண் இல்லை என்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கேட்டபோது, "இது ரக்பி ஆட்டம், மாட்டுச் சந்தை அல்ல" என்று சங்கத்தின் பெரியவர் ஒருவர் சொன்னதாகச் சொல்வார்கள். ஆட்டக்காரனுக்குக் காசும் கிடையாது, முதுகில் எண்ணும் கிடையாது. அவனுக்கு மிஞ்சுவது பத்திரிகையில் வரும் பெயர் மட்டுமே.

பதினெட்டைத் தாண்டிய லிடெல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். அங்கிருந்து தேசிய அணி. 1922 ஜனவரி 2 அன்று பிரான்சுக்கு எதிராக முதல் ஆட்டம். 3-3 என்று சமனில் முடிந்த அந்த ஆட்டம் நடந்த இடம் பாரிஸை ஒட்டிய கொலோம்ப் மைதானம். இரண்டரை வருடம் கழித்து உலகமே அவர் பெயரைக் கேட்கப்போகும் அதே மைதானம். முதலில் அவரை அங்கே கொண்டுபோனது ஓட்டம் அன்று, ரக்பி.

அவருக்குக் கிடைத்தது விங் இடம். ஓரத்துக் காவல் மாதிரி. பந்து எப்போதாவதுதான் வரும். வந்துவிட்டால் கோட்டை ஒட்டிப் பறக்க வேண்டும். பக்கத்தில் சென்டராக, அதாவது நடுவில் ஆடி விங்குக்குப் பந்தைக் கடத்துபவராக, லேலண்ட் கிரேசி. மூளை கிரேசி, கால்கள் லிடெல் என்று பத்திரிகைகள் அந்த இணையை மெச்சின. வெறும் வேகக்காரன் என்றால் மோதலுக்கு அஞ்சுவான் என்பது ரக்பி உலகின் பொதுவான சந்தேகம். லிடெல் எதிராளியைப் பிடித்துச் சாய்ப்பதிலும் சளைக்கவில்லை. 1923இல் கார்டிஃப் நகரில் வேல்ஸை 11-8 என்று வென்றது ஸ்காட்லாந்து. 1890க்குப் பிறகு அந்த ஊரில் அவர்கள் வெல்வது அதுவே முதல்முறை. லிடெல் ஒரு டிரை போட்டார், அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தார். கடைசி நிமிடங்களில் வெற்றி டிரை போட்ட கிரேசியை வேல்ஸ் ரசிகர்களே தோளில் தூக்கிப் போனார்கள்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் மார்ச் 17, எடின்பரோவின் இன்வர்லீத் மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. ஜெயித்தால் அந்த வருடத்தின் நான்கு ஆட்டங்களிலும் வெற்றி. 6-8 என்று தோற்றார்கள். இந்த இரு நாடுகளும் மோதும் ஆட்டத்துக்கு வழங்கப்படுவது கல்கத்தா கோப்பை. கல்கத்தாவிலிருந்த வெள்ளைக்காரர்களின் ரக்பி கிளப் ஒன்று 1870களின் இறுதியில் கலைந்தபோது, கணக்கிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கிச் செய்த கோப்பை அது. கைப்பிடிகள் மூன்றும் நாகங்கள், மூடியின் மேல் ஒரு யானை. நம் ஊர் ரூபாய் உருகிக் கோப்பையாகி, அதற்காக இரண்டு குளிர்தேசங்கள் சேற்றில் புரள்வதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு புன்னகை வரும். லிடெலின் கடைசி தேசிய ரக்பி ஆட்டம் அதுதான்.

மூன்று வாரம் கூட ஆகவில்லை, ஏப்ரல் 6 அன்று அவர் ஆர்மடேல் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் மேடையில் நின்றார்.

இந்த இடத்தில் டி.பி. தாம்சன் என்ற இளைஞர் வருகிறார். போதக ஊழியத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். கிளாஸ்கோ மாணவர் குழு ஒன்றோடு ஊர் ஊராகச் சென்று நற்செய்திக் கூட்டம் நடத்தியவர். ஆர்மடேலில் ஆண்கள் வரவில்லை. முதல் உலகப் போர் முடிந்து ஐந்து வருடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அகழிகளிலிருந்து திரும்பியவர்களுக்குப் பிரசங்கியாரின் சொல் காதில் ஏறவில்லை. அவர்கள் யாருடைய பேச்சைக் கேட்பார்கள் என்று தாம்சன் யோசித்தார். சனிக்கிழமை தோறும் பேசிக்கொள்ளும் பெயர் ஒன்று இருந்தது. எடின்பரோவுக்கு நேரில் போய் லிடெலைக் கேட்டார். லிடெல் சற்று நேரம் தலை குனிந்து நின்றுவிட்டு, வருகிறேன் என்றார். அதற்கு முன் பொதுமேடையில் தம் விசுவாசத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ எண்பது பேர். பேச்சு நீளவில்லை, குரல் உயரவில்லை. தனக்குக் கடவுள் எப்படி என்பதைச் சொல்லி உட்கார்ந்தார். அதற்கு முன்பே, வருகிறேன் என்று ஒப்புக்கொண்ட மறுநாள் காலையில், சீனாவிலிருந்த தங்கை ஜென்னியின் கடிதம் வந்திருந்தது; வாரக்கணக்கில் பயணம் செய்து அன்று வந்து சேர்ந்த கடிதம். அதன் முடிவில் ஏசாயா 41:10. "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." ஸ்காட்லாந்து முழுக்கப் பத்திரிகைகள் ரக்பி வீரர் பிரசங்கம் செய்ததைச் செய்தியாக்கின. அதன்பின் அழைப்புகள் ஓயவில்லை.

இதை ஒரு மனமாற்றக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதற்குள் இருக்கும் வேறொரு கணக்குத்தான் சுவாரசியம். அமெச்சூர் ஏற்பாட்டில் ஆட்டக்காரனுக்குக் கிடைத்த ஒரே ஊதியம் பெயர். அதைக் கடையில் மாற்ற முடியாது. சோப்பு விளம்பரத்துக்குக் கொடுத்தால் சங்கம் விலக்கிவிடும். ஆனால் மேடையில் செலவழிக்கலாம். காசு வாங்காமல் ஆடியவன் காசு வாங்காமல் பேச வந்திருக்கிறான் என்பதே அவன் பேச்சுக்கு எடை தந்தது. இதில் ஒரு முரணும் உண்டு. எந்த ஏற்பாடு சுரங்கத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியை மறுத்ததோ, அந்த ஏற்பாடு உருவாக்கிய ஒருவரைக் கேட்கத்தான் சுரங்கத் தொழிலாளிகள் கூடினார்கள். லிடெல் பணக்காரர் அல்லர், மிஷனரி மகன். ஆனாலும் பல்கலைக்கழகத்தில் படிக்க முடிந்த, சனிக்கிழமை ஆட முடிந்த வர்க்கம். ஆர்மடேல்காரர்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. தலைகால் தெரியாமல் தாங்கள் கொண்டாடும் ஆள், தங்களைப் போலவே தயங்கித் தயங்கிப் பேசியது அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

1923இன் கோடையில் அவர் ஓட்டத்துக்கு முழுதாகத் திரும்பினார். லண்டன் சாம்பியன்ஷிப்பில் நூறு கஜத்தை 9.7 வினாடியில் ஓடிய பிரிட்டிஷ் சாதனை இருபது வருடங்களுக்கு மேல் நின்றது. ஒலிம்பிக் நெருங்க நெருங்க ரக்பியில் கால் முறியும் அபாயத்தை வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த பருவத்துக்கு அவர் வரவில்லை. அறிக்கை, பிரிவுபசாரம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ரக்பி உடம்பை விட்டுப் போகவில்லை. அந்த ஜூலையில் ஸ்டோக்-ஆன்-டிரென்டில் 440 கஜப் பந்தயத்தின் தொடக்கத்திலேயே ஒருவர் இடித்து அவர் புல்வெளியில் விழுந்தார். எழுந்து பார்த்தால் மற்றவர்கள் இருபது கஜம் முன்னால். ஓடி வென்று, கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். இடிபட்டு விழுந்து அதே மூச்சில் எழுவது ஓட்டக்காரனுக்குப் பழக்கமில்லாத காரியம். விங் ஆட்டக்காரனுக்கு அது அன்றாடம்.

பாரிஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததில் பாதி தவறு என்பதையும் சொல்ல வேண்டும். 1981இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படத்தில், கப்பலேறும் நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைச் செய்தி அவர் காதில் விழும். உண்மையில் அட்டவணை மாதக்கணக்குக்கு முன்பே தெரியும். அவர் அப்போதே மறுத்துவிட்டு, நானூறு மீட்டருக்கு நிதானமாகப் பயிற்சி எடுத்தார். ஞாயிறு அன்று வந்த இரண்டு தொடர் ஓட்டங்களையும் விட்டுக்கொடுத்தார். படத்தில் தங்கை ஜென்னி அவர் ஓடுவதைக் கண்டிப்பாள். நிஜ ஜென்னி அப்படிப்பட்டவர் அல்லர். ஜூலை 11 மாலை வெளிக்கோடியில் ஓடி, முதல் இருநூறு மீட்டரை 22.2 வினாடியில் முடித்தார். இந்த வேகத்தில் போனால் பாதியில் சரிந்துவிடுவார் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். 47.6 வினாடியில் ஒலிம்பிக் சாதனையோடு முடித்தார். அதற்கு இரண்டு நாள் முன் இருநூறு மீட்டரில் வெண்கலமும் கிடைத்திருந்தது. அணியின் உடல் பிடித்துவிடும் ஊழியர் காலையில் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்: "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்" என்ற 1 சாமுவேல் 2:30இன் வார்த்தைகள் அதில் இருந்தன.

அதே கொலோம்பில், அதே ஒலிம்பிக்கின் பகுதியாக, அந்த மே மாதம் ரக்பி இறுதி ஆட்டமும் நடந்தது. அமெரிக்கா பிரான்சை 17-3 என்று தோற்கடிக்க, ஆத்திரத்தில் ரசிகர்கள் கலாட்டா செய்தார்கள். அதோடு ரக்பி ஒலிம்பிக்கை விட்டு வெளியேறியது. ஏழு பேர் ஆட்டமாக அது திரும்பி வர 2016 ஆனது.

ஒரு வாரத்தில் எடின்பரோவில் பட்டமளிப்பு. தேர்வாளரைத் தவிர வேறு யாரும் உங்களைத் தாண்டிச் செல்ல முடியாது போலிருக்கிறது என்று, தாண்டுவதையும் தேர்ச்சி தருவதையும் குறிக்கும் 'பாஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துச் சிலேடையாகச் சொல்லித் துணைவேந்தர் தலையில் இலைக்கிரீடம் வைத்தார். மாணவர்கள் தோளில் சுமந்தார்கள். இத்தனைக்கும் பிறகு அந்த வருடம் லிடெல் சேர்ந்தது எடின்பரோவிலிருந்த ஸ்காட்லாந்து காங்கிரிகேஷனல் இறையியல் கல்லூரி. வாரநாளில் படிப்பு, வார இறுதியில் தாம்சனோடு கூட்டங்கள்.

1925 மார்ச் 21 அன்று எடின்பரோவில் மர்ரேஃபீல்டு மைதானம் திறக்கப்பட்டது. அன்று ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 14-11 என்று வென்று, 1923இல் கைநழுவிய முழுவெற்றியை எட்டியது. ஸ்காட்லாந்து ரக்பி வரலாற்றின் பொன்னாள்களில் ஒன்று. லிடெலுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, அதே ஊரில்தான் இருந்தார், உலகின் மிக வேகமான கால்களில் ஒரு ஜோடி அவருடையது. களத்தில் அவர் இல்லை. இதற்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பந்தமில்லை; அது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மறுப்பை ஆயிரம் முறை சொல்லும் நாம், சனிக்கிழமைகளையும் விட்டுவிட்டுப் போனவர் அவர் என்பதை ஒருமுறையாவது சொல்லலாம். சில மாதங்களில் வேவர்லி ரயில் நிலையத்தில் பெருங்கூட்டம் வழியனுப்ப, சைபீரியா வழியாகச் சீனா போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் உடனே போதகராகிவிடவில்லை. தியான்ஜினில் மிஷன் நடத்திய ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் அறிவியல் வாத்தியார். வசதியான வீட்டுச் சீனப் பையன்களுக்கு வேதியியலும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார். ஊரில் மின்யுவான் விளையாட்டரங்கம் கட்டப்பட்டபோது ஆலோசனை சொன்னார். லண்டனின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜைப் பார்த்துச் செய்யச் சொன்னதாக அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். முதல் நீண்ட விடுப்பில் ஸ்காட்லாந்து வந்தபோது, 1932இல், காங்கிரிகேஷனல் சபையில் போதகராக அருள்பொழிவு பெற்றார். ஆக, முதல் பிரசங்கத்துக்கும் போதகப் பட்டத்துக்கும் நடுவே ஒன்பது வருடங்கள். பட்டம் அவரிடம் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. திரும்பிப் போய் அதே வகுப்பறையில் நின்றார்.

1934இல் கனடிய மிஷனரி குடும்பத்தில் பிறந்த, செவிலியர் படிப்பு முடித்த ஃப்ளாரன்ஸ் மெக்கென்சியை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. பிறகு மிஷன் அவரைக் கிராமத்துக்குக் கேட்டது. சியாவ்சாங் என்ற இடம், வடசீனச் சமவெளியின் நடுவே; அவர் தந்தை முன்பு ஊழியம் செய்த இடம்; அண்ணன் ராபர்ட் அங்கே டாக்டர். கல்லூரிக்காரர்கள் விட மனமில்லாமல் இருந்தார்கள். அவருக்கே நெடுநாள் தயக்கம். 1937 இறுதியில் போனார். அந்த ஜூலையில்தான் ஜப்பான் படையெடுப்பு தொடங்கியிருந்தது. பஞ்சம், கொள்ளையர், தேசியப் படை, கம்யூனிஸ்ட் படை, ஜப்பானியப் படை எல்லாம் ஒரே வயலில் உழுதுகொண்டிருந்த நேரம். மனைவி மக்களை அங்கே அழைத்துப் போக மிஷன் அனுமதிக்கவில்லை. சைக்கிளிலும் நடந்தும் ஊர் ஊராகச் சென்றார். கோவில் ஒன்றில் கிடந்த காயம்பட்ட மனிதரை ஒரு வண்டியில் ஏற்றி வந்தபோது, வழியில் இன்னொருவரையும் கண்டார். ஜப்பானியப் படை அதிகாரியின் வாள் கழுத்தில் விழுந்தும் உயிர் ஒட்டியிருந்தவர். இருவரையும் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அந்த இரண்டாமவர் பிழைத்தார். அவர் ஓவியர், நன்றிக்கு ஒரு பியோனி மலர்ப் படம் வரைந்து கொடுத்தார்.

1941இல் பிரிட்டிஷ் அரசு தன் குடிமக்களை வெளியேறச் சொன்னது. கர்ப்பமாக இருந்த ஃப்ளாரன்ஸ் இரு மகள்களுடன் கனடாவுக்குக் கப்பலேறினார். லிடெல் தங்கிவிட்டார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. இந்தக் கதையைத் தியாகக் கதையாகச் சொல்பவர்கள் ஃப்ளாரன்ஸை அந்தக் கப்பலோடு வழியனுப்பிவிடுகிறார்கள். பல வருடங்கள் தனியாக மூன்று பெண்களை வளர்த்தவர் அவர். கணவரின் முடிவின் விலையில் பெரும்பங்கை அவர்தான் கட்டினார். அதை எழுதாமல் லிடெலைப் புகழ்வது எனக்கு ஒப்பவில்லை.

1943 மார்ச்சில் ஜப்பானியர்கள் எதிரி நாட்டுக் குடிமக்களைக் கூட்டி, ஷான்டோங் மாகாணத்தில் வெய்ஷியன் என்ற இடத்தில் ஒரு பழைய மிஷன் வளாகத்தில் அடைத்தார்கள். இன்றைய வெய்ஃபாங் நகரம். ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல். வியாபாரிகள், குருமார்கள், ஜாஸ் இசைஞர்கள், போதை அடிமைகள், பேராசிரியர்கள். அந்த செப்டம்பரில் சீஃபூவிலிருந்த மிஷனரி பிள்ளைகளின் பள்ளி ஒன்றும் அப்படியே கொண்டுவந்து சேர்க்கப்பட்டது. பெற்றோர் எங்கோ சீனாவின் உட்பகுதியில்; பிள்ளைகள் முள்வேலிக்குள். பிளாக்ஹீத்தில் விடப்பட்ட ஆறு வயதுப் பையனுக்கு அந்தப் பிள்ளைகளின் மனநிலையை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அவர்கள் அவரை 'எரிக் மாமா' என்று கூப்பிட்டார்கள்.

தண்ணீர் சுமந்தார். வயதானவர்களுக்கு நிலக்கரி கொண்டு கொடுத்தார். ஆய்வுக்கூடமே இல்லாத இடத்தில், சோதனைக் கருவிகளைக் கையால் வரைந்து வேதியியல் நடத்தினார். உடைந்த ஹாக்கி மட்டைகளைக் கிழித்த படுக்கை விரிப்பால் சுற்றி ஒட்டினார். முகாமில் ஓட்டப் பந்தயமும் நடந்தது. ஒலிம்பிக் சாம்பியனை வெல்லப் பார்த்து இளைஞர்கள் ஓடினார்கள்.

ஞாயிறு வந்தது. விளையாட்டு ஏற்பாடெல்லாம் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு இல்லை என்பது அவர் வைத்த வழக்கம். வேறு பொழுதுபோக்கில்லாத பிள்ளைகள் ஒரு ஞாயிறு தாங்களே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாத ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் விசிலோடு மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார். பாரிஸில் மன்னரின் நாட்டுக்காகக்கூட விட்டுக்கொடுக்காத ஒன்றை, சில பையன்கள் ஒருவரையொருவர் மட்டையால் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக விட்டுக்கொடுத்தார். ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு இந்தப் பகுதியைச் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தால் முதல் பகுதியே வேறு மாதிரி கேட்டிருக்கும். தனக்கென்று வைத்த நோன்பை ஊருக்குச் சட்டமாக்காத மனிதர் ஒருவரை நாங்கள் அப்போதே அறிந்திருப்போம்.

1945இன் தொடக்கத்தில் தலைவலி. உழைத்துக் களைத்துப்போனார், நரம்புத் தளர்ச்சி என்று நினைத்தார்கள். மூளையில் கட்டி இருந்தது இறந்த பிறகுதான் தெரிந்தது. பிப்ரவரி 21 அன்று மனைவிக்கு ஒரு சிறு கடிதம் தட்டச்சு செய்தார். அன்று இரவு இறந்தார். வயது நாற்பத்து மூன்று. ஃப்ளாரன்ஸுக்குச் செய்தி போய்ச் சேர மே மாதம் ஆனது. ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்கப் படையினர் பாராசூட்டில் இறங்கி முகாமை விடுவித்தார்கள். மரச் சிலுவையில் பூட்ஸ் பாலிஷால் பெயர் எழுதப்பட்டிருந்த அவர் கல்லறை பிறகு அடையாளம் தெரியாமல் போனது. 1991இல் எடின்பரோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து சிவப்புக் கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்து அங்கே நட்டது. "அவர்கள் ஓடினாலும் இளைப்படையார்கள்" என்ற ஏசாயாவின் வசனம் அதில் இருக்கிறது.

முகாமில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பகைவர்களுக்காக ஜெபம் செய்யுங்கள் என்ற மலைப்பிரசங்கத்து வசனத்தை அங்கே, ஜப்பானியக் காவலர்கள் வெளியே நடமாடும்போது, லிடெல் பையன்களோடு உட்கார்ந்து விவாதிப்பார். அது வெறும் இலட்சியம்தானே என்றுதான் பையன்களுக்குத் தோன்றியது. செய்து பாருங்கள் என்றார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், தைத்து ஒட்டிய தம் ஓட்டக் காலணிகளை லிடெல் அந்தப் பையனிடம் கொடுத்தார். உன் காலணி பிய்ந்துவிட்டது, குளிர்காலத்தை ஓட்ட இது தாங்கும் என்று சொல்லி. சவப்பெட்டியைத் தூக்கிச் சென்றவர்களில் அந்தப் பையனும் ஒருவன். போர் முடிந்த சில வருடங்களில் அவன் மிஷனரியாகக் கப்பலேறினான். போய்ச் சேர்ந்த நாடு ஜப்பான்.